ஸ்பாட்டிங் எரர்ஸ் வினாக்களில் காதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வு ஆணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆங்கிலப் பகுதியில், அதிலும் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து எந்தத் துண்டில் பிழை இருக்கிறது என்று கேட்கும் வினாக்களில்தான் மதிப்பெண் கரைந்துபோகிறது. முதல் நிலைத் தேர்வில் 100 வினாக்களுக்கு 60 நிமிடம். அவற்றுள் ஆங்கிலம் 25 வினா, 50 மதிப்பெண். கட் ஆஃப் எல்லையில் நிற்பவர்களுக்கு இரண்டு மூன்று வினாக்களே தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

எனக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. கோச்சிங் சென்டரில் விதிகளைக் கற்றையாக அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஏற்கெனவே தேறி வேலையில் சேர்ந்துவிட்ட அண்ணன்மார்களோ, நாள்தோறும் ஆங்கிலப் பத்திரிகை படித்தால் போதும், பிழை தானாகவே காதில் நெருடும் என்கிறார்கள். அண்மையில் ஒரு மாக் டெஸ்டில் வந்த மூன்று வாக்கியங்களைத் தருகிறேன். “தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் ஹியர் ஆர் குட்” என்பது முதலாவது. “ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஆபீசர்ஸ் ஹூ ரெஃப்யூசஸ் ப்ரைப்ஸ்” என்பது இரண்டாவது. “வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், அ டாக் பிட் மீ” என்பது மூன்றாவது. மூன்றிலும் பிழை உண்டு என்கிறது ஆன்சர் கீ. விளக்கம் எதுவும் இல்லை. உரக்கப் படித்துப் பார்த்தால் மூன்றும் சரளமாகத்தான் ஓடுகின்றன. இப்படிப்பட்ட வாக்கியங்களை எந்த வழியில் அணுக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும்.

காவிரிவாசகி எழுதியது:

தம்பி, நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் வகுப்பெடுத்து வருகிறேன். காதை நம்பு என்னும் அறிவுரை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வீட்டில் பிறந்தவருக்குப் பொருந்தும். நம் காதில் விழுகிற ஆங்கிலம் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே பேசுகிற ஆங்கிலம். அலுவலகத்தில் எல்லோரும் “டிஸ்கஸ் அபவுட்” என்றும் “ரிட்டர்ன் பேக்” என்றும் “கோப் அப் வித்” என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “அபவுட்” கூடாது, “பேக்” கூடாது, “அப்” கூடாது என்று காது எப்படிச் சொல்லும்? நாம் அனைவரும் சேர்ந்து செய்கிற பிழைகளைத்தான் வினாத்தாள் தயாரிப்பவர் தேடிப் பிடித்து வைக்கிறார். காது எந்த இடத்தில் ஏமாறுகிறதோ அந்த இடத்தில்தான் வினா இருக்கிறது.

உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். “மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது” என்று தமிழில் எழுதும்போது யாரும் “இருக்கின்றன” என்று தவறி எழுதமாட்டார்கள். தமிழில் “மாம்பழங்களின்” என்னும் அடை முன்னால் வந்துவிடுகிறது. “தரம்” என்னும் எழுவாய் பயனிலைக்குப் பக்கத்தில் வந்து அமர்கிறது. ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். “குவாலிட்டி” முதலில் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு “ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் ஹியர்” என்று ஒரு நீண்ட வால் நுழைந்து, வினைச்சொல் வரும் நேரத்தில் “மேங்கோஸ்” என்ற பன்மைதான் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதனால் “ஆர்” என்பது இயல்பாகத் தோன்றுகிறது. உண்மையில் எழுவாய் “குவாலிட்டி”. “இஸ்” என்றுதான் வரவேண்டும். ஆங்கிலேயர்கூட அவசரத்தில் இந்த இடத்தில் சறுக்குவார்கள் என்பதால், இது தமிழர்க்கு மட்டும் உரிய பலவீனம் என்று எண்ணவேண்டாம்.

ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். வாக்கியத்தைப் படித்ததும் அது நன்றாக ஒலிக்கிறதா என்று கேட்காதீர்கள். வினைமுற்றைத் தேடி வட்டமிட்டு, அதற்கு உரியவர் யார், உரியது எது என்று கேளுங்கள். “ஆஃப்”, “அலாங் வித்”, “ஆஸ் வெல் ஆஸ்”, “டுகெதர் வித்” ஆகியவற்றில் தொடங்கும் வால்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். “தி குவாலிட்டி ஆர் குட்” என்று சுருங்கியவுடன் பிழை கண்ணுக்கே தெரிந்துவிடும். கணினித் தேர்வில் திரையில் அடிக்க முடியாது என்பதால், வீட்டில் தாளில் அடித்து அடித்துப் பழகிய கண்தான் அங்கே உதவும்.

வங்கிக்கனவு எழுதியது:

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் முழுவதும் ஏற்க முடியவில்லை. நான் வங்கி அதிகாரி பணிக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வை எழுதிவருகிறேன். அதன் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 வினா, 20 நிமிடம். சராசரியாக ஒரு வினாவுக்கு 40 விநாடி என்று கணக்கு வரும். ஆனால் அதே 20 நிமிடத்துக்குள் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் வினாக்களும் வருவதால், பிழை காணும் வினாவுக்கு அரை நிமிடம்கூட ஒதுக்க முடியாது. அந்த நேரத்தில் எழுவாயைத் தேடி, வாலை வெட்டி, பயனிலையோடு பொருத்திப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா?

அதோடு, பல பிழைகளுக்கு விதி என்பதே கிடையாது. “மேரீடு டு” என்பதுதான் சரி, “மேரீடு வித்” அன்று. “சுப்பீரியர் டு” சரி, “சுப்பீரியர் தேன்” பிழை. “இன்சிஸ்ட்” என்பதற்குப் பின் “ஆன்”, “அப்ஸ்டெய்ன்” என்பதற்குப் பின் “ஃப்ரம்”. ஏன் என்று கேட்டால் வழக்கு அப்படி என்பதைத் தவிர விடையில்லை. இவற்றைப் பத்திரிகையும் கதையும் படித்துக் காதில் ஏற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காவிரிவாசகி எழுதியது:

வங்கிக்கனவு சுட்டியது மிகவும் சரியான வேறுபாடு. நானே முதலில் பிரித்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் சேரும் என்பது பழக்கத்தால் மட்டுமே வருவது. அங்கே வாசிப்புதான் ஆசிரியர். அச்சடித்த பட்டியலைக் காட்டிலும் ஒரு நல்ல தலையங்கத்தை மெதுவாகப் படிப்பது பன்மடங்கு பயன்தரும். ஆனால் எழுவாய், பயனிலை, காலம், எச்சம் ஆகியவை வாக்கியத்தின் எலும்புக்கூட்டைச் சார்ந்தவை. அங்கே காதை நம்பினால் நம் தமிழ் அமைப்பு உள்ளேயிருந்து தலையிடும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். “ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்” என்பது பழுதற்ற தமிழ். தமிழில் நிகழ்காலம் அந்த ஐந்து ஆண்டுகளையும் இன்றையும் ஒருங்கே தாங்கிக்கொள்கிறது. அதே நினைப்பில் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழை. “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்” என்று வரவேண்டும். “சின்ஸ்” என்பதோடு ஒரு தொடக்க நேரத்தையோ “ஃபார்” என்பதோடு ஒரு கால அளவையோ கண்டவுடன் வினையின் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இதற்கு அரை நிமிடம் வேண்டாம், ஐந்து விநாடி போதும். வேகத்தைப் பற்றிய கவலைக்கும் இதுவே என் விடை. தொடக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும்; ஆகட்டும். கடிகாரத்தை வைத்துப் பயிற்சி செய்வதைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

மற்ற இரண்டு வாக்கியங்களை எவரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் தமிழாசிரியன்; ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியாக நுழைந்து படித்தவன்.

“ஒன் ஆஃப் தோஸ் ஆபீசர்ஸ் ஹூ ரெஃப்யூசஸ் ப்ரைப்ஸ்” என்பதைத் தமிழில் நினைத்துப் பாருங்கள். “லஞ்சத்தை மறுக்கும் அதிகாரிகளுள் ஒருவர்.” இங்கே “மறுக்கும்” என்பது பெயரெச்சம். நம் பெயரெச்சம் காலம் காட்டும். எண்ணும் பாலும் காட்டாது. மறுக்கும் அதிகாரி என்றாலும் மறுக்கும் அதிகாரிகள் என்றாலும் சொல் ஒன்றே. அந்த இடத்தில் ஒருமையா பன்மையா என்று முடிவெடுக்க வேண்டிய தேவையே தமிழனுக்கு ஏற்பட்டதில்லை. ஆங்கிலத்தில் “ஹூ” என்பதற்குப் பின் வருவது முழு வினைமுற்று. அது எண்ணைக் காட்டியே தீரவேண்டும். அப்போது வாக்கியத்தின் தொடக்கத்தில் உள்ள “ஹீ”, “ஒன்” ஆகியவற்றின் செல்வாக்கில் “ரெஃப்யூசஸ்” என்று எழுதிவிடுகிறோம்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. “மறுக்கும்” என்ற எச்சம் எந்தப் பெயரைத் தழுவி நிற்கிறது? “அதிகாரிகளுள்” என்பதை. அவ்வளவுதான், பன்மை. எனவே “ஹூ ரெஃப்யூஸ்”. இதற்கு மாறாக, “ஹீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தோஸ் ஆபீசர்ஸ் ஹூ ரெஃப்யூசஸ் ப்ரைப்ஸ்” என்று வந்தால், தமிழில் அது “அந்த அதிகாரிகளுள் லஞ்சத்தை மறுப்பவர் இவர் ஒருவரே” என்று மாறுகிறது. இப்போது மறுப்பது ஒருவர், ஒருமைதான் சரி. பேச்சாங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒருமையையே பயன்படுத்துவோர் பலர் உண்டு என்றாலும், தேர்வில் எதிர்பார்க்கப்படும் விடை இதுதான்.

மூன்றாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. “தெருவில் நடந்துபோகும்போது ஒரு நாய் என்னைக் கடித்தது” என்பதில் எந்தக் குறையும் இல்லை. “போகும்போது” என்று முடியும் தொடரின் எழுவாயும் முதன்மை வினையின் எழுவாயும் வேறு வேறாக இருக்கத் தமிழ் இடம் தருகிறது. நடந்தது நான், கடித்தது நாய் என்பது கேட்பவர்க்கு விளங்கிவிடும். ஆங்கிலத்தில் “வாக்கிங்” என்று தொடங்கினால், காற்புள்ளிக்குப் பின் முதலில் வரும் எழுவாய்தான் நடந்தவர் என்று கொள்ளப்படும். அப்படியானால் தெருவில் நடந்தது நாய் என்றாகிறது. “வைல் ஐ வாஸ் வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், அ டாக் பிட் மீ” என்று எழுதினால் சிக்கல் தீரும். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் “பீயிங் அ ஹாட் டே, வி ஸ்டேட் அட் ஹோம்” என்பதும். “வெயிலாக இருந்ததால் வீட்டிலேயே இருந்தோம்” என்பதில் வெயிலாக இருந்தது எது என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கும், அதனால் “இட் பீயிங் அ ஹாட் டே” என்று ஒரு வெற்று எழுவாயையாவது நிறுத்தவேண்டும். “இங்” என்று முடியும் வினைச்சொல்லில் தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால், அந்தச் செயலைச் செய்தவர் காற்புள்ளியை அடுத்து நிற்கிறாரா என்று உடனே பார்த்துவிடுங்கள்.

கடல்கடந்தவன் எழுதியது:

நான் லண்டனில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கரிசல்காடு ஐயாவின் விளக்கத்தைப் படித்தபோது, பள்ளியில் இப்படி யாராவது சொல்லித் தந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். தேர்வு கேட்கும் ஆங்கிலமும் உலகில் புழங்கும் ஆங்கிலமும் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. குழுவைக் குறிக்கும் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே “தி டீம் ஆர் பிளேயிங் வெல்” என்று செய்தித்தாளே எழுதும். அமெரிக்கர் “இஸ்” என்றே எழுதுவர். கிரிக்கெட் வர்ணனையில் “இந்தியா ஆர் 250 ஃபார் 4” என்று கேட்டு வளர்ந்த நம் காதுக்கும் பன்மை உறுத்தாது. ஆனால் இந்தியப் போட்டித் தேர்வுகளில், குழு ஒன்றாகச் செயல்பட்டால் ஒருமை, உறுப்பினர்கள் பிரிந்து நின்றால் பன்மை என்ற பழைய விதியே செல்லுபடியாகிறது. “தி கமிட்டி ஹேஸ் சப்மிட்டட் இட்ஸ் ரிப்போர்ட்”, ஆனால் “தி ஜூரி வேர் டிவைடட் இன் தேர் ஒப்பீனியன்ஸ்”. தேர்வு அறையில் வினாத்தாளின் மரபுக்குள் நின்று விடையளிப்பதே முறை.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

இதுவரை எவரும் “நோ எரர்”, அதாவது பிழை எதுவும் இல்லை, என்ற விடையைப் பற்றிப் பேசவில்லை. என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் பிழை இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு படித்தால், சரியான வாக்கியம்கூடக் குற்றவாளியாகத் தோன்றும். “ஐ சஜஸ்ட் தட் ஹீ கோ ஹோம்” என்பதில் “கோஸ்” என்று திருத்தக் கை துடிக்கும். ஆனால் “சஜஸ்ட்”, “டிமாண்ட்”, “ரெக்கமெண்ட்” போன்ற வினைகளுக்குப் பின் வரும் “தட்” தொடரில் வெறும் வினையடிதான் சரியான வடிவம். “டென் மைல்ஸ் இஸ் அ லாங் டிஸ்டன்ஸ்” என்பதும் சரி. பத்து மைலும் ஒரே தொலைவாக எண்ணப்படுகிறது. “இட் இஸ் டைம் ஹீ வென்ட் ஹோம்” என்பதும் சரி. பார்வைக்குப் பிழைபோலத் தெரிந்தும் சரியாக அமைந்த இத்தகைய வடிவங்களுக்குத் தனியே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. பிழைகளின் பட்டியலைக் காட்டிலும் இது மிகச் சிறியதாகவே இருக்கும்.

நெகட்டிவ் மார்க் பற்றியும் ஒரு கணக்கு. சி.ஜி.எல். முதல் நிலையில் சரியான விடைக்கு 2, தவறான விடைக்கு 0.50 குறைவு. நான்கு விடைகளுள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் எதிர்பார்க்கத்தக்க சராசரி வரவு 0.125. இரண்டு துண்டுகளில் பிழையில்லை என்று உறுதியாக நீக்க முடிந்தால் அது 0.75 ஆக உயர்கிறது. இரண்டாம் நிலையில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறைவு என்பதால் குருட்டு ஊகத்தின் சராசரி சுழியம். வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், 1 மதிப்பெண், 0.25 குறைவு; அங்கும் சுழியம். ஆக, இரண்டு துண்டுகளையாவது காரணத்தோடு நீக்கிய பிறகு எந்தத் தேர்விலும் வினாவை விட்டுவிடுவது நட்டம். எழுவாயையும் வினைமுற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டாலே பெரும்பாலும் இரண்டு துண்டுகள் கழிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பெயரெச்சம் பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகு பழைய வினாத்தாள்களைப் புதிதாகத் திறந்து பார்க்கிறேன். இன்று பார்த்த ஒரு வாக்கியத்தை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். சரிதானா என்று சொல்லுங்கள். “தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் / ஹூ ஹேவ் அப்ளைடு திஸ் இயர் / ஹேவ் ரிசன் ஷார்ப்லி / நோ எரர்.” இதில் வினைமுற்று இரண்டு. முதல் “ஹேவ்” என்பது “ஹூ” தொடருக்குள் இருக்கிறது. “விண்ணப்பித்த மாணவர்கள்” என்று எச்சம் மாணவர்களைத் தழுவுவதால் பன்மை சரி. இரண்டாவது “ஹேவ்” என்பதற்கு எழுவாய் “நம்பர்”, உயர்ந்தது எண்ணிக்கை. எனவே “ஹேஸ் ரிசன்” என்று வரவேண்டும். மூன்றாம் துண்டில் பிழை என்று குறிக்கிறேன். ஆனால் ஓர் ஐயம். “தி நம்பர்” என்பதை “அ நம்பர்” என்று மாற்றினால் எழுவாய் பன்மையாகிவிடுமே? அப்போது முதல் துண்டில்தான் பிழை என்றும் வாதிடலாம் அல்லவா?

காவிரிவாசகி எழுதியது:

பிரித்த முறை மிகச் சரி, தம்பி. ஐயமும் நல்ல ஐயம். விடையை ஆட்சேபித்து மனுப்போடுவோர் சிலர் எழுப்புவதும் இதைப் போன்றதுதான். “அ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்” என்றால் பல மாணவர்கள் என்று பொருள். அது பன்மை வினையைத்தான் கொள்ளும். ஆனால் அப்படி மாற்றியபின் வாக்கியம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்த ஆண்டு விண்ணப்பித்த மாணவர்கள் பலர் சடாரென்று உயர்ந்திருக்கிறார்கள் என்று ஆகிறது. “ஷார்ப்லி” உயர்வது எண்ணிக்கையாக இருக்கலாம், விலையாக இருக்கலாம்; மாணவர்கள் அப்படி உயர்வதில்லை. இலக்கணம் இரண்டு திருத்தங்களுக்கு இடம் கொடுக்கும்போது பொருள் ஒன்றைத் தள்ளிவிடும். எனவே மூன்றாம் துண்டு.

அடுத்த வாக்கியத்தை எடுக்கும்போது இதையும் கவனியுங்கள். பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகும், எந்தத் துண்டைக் குறிப்பது என்பதில் மதிப்பெண் போய்விடக்கூடும். எழுவாய் ஒரு துண்டிலும் வினை வேறொரு துண்டிலும் இருக்கும்போது, எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் கெடாமல் வாக்கியம் நேராகிறதோ, அந்தச் சொல் நிற்கும் துண்டையே குறிக்கவேண்டும். “நெய்தர் தி மேனேஜர் / நார் தி கிளார்க்ஸ் / வாஸ் பிரசன்ட் / நோ எரர்” என்பதை இதே முறையில் பிரித்து இங்கே எழுதுங்கள். இதில் வால் எதுவும் இல்லை. வினைக்கு அருகில் நிற்கும் எழுவாயே எண்ணைத் தீர்மானிக்கிறது.